உன் நிரையில் காய்த்த பொய்

என் தங்கையைக் கட்டிக்கொண்டு, அவள் சமையலில் எனக்கும் பங்கு கொடுத்து, கடைசியில் ஒரு வார்த்தை சொல்லாமல் எனக்கு முன்னால் கிளம்பிப்போன என் அருமை மச்சான் இருதயத்துக்கு,

வலது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு இடது கையால் இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது சத்தியத்தின் கனம். இப்போது நான் சொல்லப்போகும் கதையை ஈப்போவிலிருந்து லூமுட் வரை ஒரு மனிதப் பிறவியும் நம்பாது என்று இதனால் சகலருக்கும் உறுதி கூறுகிறேன்.

நீயும் என்னை நம்பினவன் இல்லை. ரப்பர் பால் ஏற்றிப்போன என் லாரியைப் புலி ஒன்று கை காட்டி நிறுத்தி, பத்து காஜாவுக்கு வழி கேட்டது என்று நான் சொன்னபோது, "முன்னுக்கு ஒக்காந்துச்சா, பின்னுக்கா மச்சான்?" என்று கேட்டவன்தானே நீ. இப்போது உனக்கு நேரம் நிறைய இருக்கும். உட்கார்ந்து கேள். தோளுக்குப் பின்னால் நின்று இந்தக் கடிதத்தை எட்டிப் பார்க்கிறவர்களும் கேட்கட்டும். சத்தியம் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

முதலில் ஊர்ச் செய்தி. ஈயத்தின் விலை விழுந்துவிட்டது. ஈயம் தோண்டிய லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடிக் குட்டையாகக் கிடக்கின்றன. அந்தத் தண்ணீரில் வாத்து வளர்க்கிறார்கள். வடக்கே மலையைக் குடைந்து பெரிய சாலை போடுகிறார்களாம். நம் வரிசையில் ஒரு வீட்டில் வீடியோ டேப் வாடகைக்கு விடுகிறார்கள். சாயங்காலம் ஆனால் கொசுக்கள்கூட நம்மைக் கடிக்க வருவதில்லை, படம் பார்க்கப் போய்விடுகின்றன. என் டாக்சி நலம். அது மேட்டில் ஏறும்போது விடுகிற புகையை மழைமேகம் என்று நினைத்து ஈப்போவில் துணிகளை உள்ளே எடுத்துவிடுகிறார்கள்.

இனி வீட்டுச் செய்தி. உன் மகள் ஸ்டெல்லாவின் வீட்டுக்காரனுக்கு லூமுட் கடற்படைத் தளத்தில் வேலை என்பது உனக்குத் தெரியும். ஸ்டெல்லா உண்டாகியிருந்தாள் என்பது உனக்குத் தெரியாது. நீ போனது போன மழைக்காலத்தில். இது அதற்குப் பிறகு. "அம்மா, தனியா அங்க என்னா செய்றீங்க, இங்கயே வந்து இருந்துருங்க" என்று அவள் நச்சரித்துக்கொண்டே இருந்தாள். என் தங்கை லூர்தும் ஒருநாள் தலையாட்டிவிட்டாள்.

பிள்ளைப்பேறு பார்க்கப் போகிறாள், வந்துவிடுவாள் என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு பார்த்தால் கோழிகளை யாரிடம் கொடுப்பது, அலமாரியை யார் கேட்டார்கள் என்று பேச்சு வருகிறது. ஒருநாள் அவள் பெட்டியை எட்டிப் பார்த்தேன். சேலைகளுக்கு அடியில், பழைய கைலித் துணியில் சுற்றி, உன் உளி. பட்டையைச் சீவிப் பால் இறக்க நீ பால்மரம் வெட்டிய அந்த உளி. அடுக்களைக் கதவோரம் ஆணியில் தொங்கிக்கொண்டே இருக்குமே, அது. அதை எடுத்துப் பெட்டியில் வைத்தவள் திரும்பி வரப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

நான் கலியாணம் கட்டாதவன். என் வயிறு எத்தனையோ காலமாக உன் வீட்டு மேசையில்தான் குடியிருக்கிறது. அவள் நெத்திலிச் சம்பலை முகர்ந்து பார்ப்பதற்காகவே பாங்கோர் தீவிலிருந்து நெத்திலிகள் தாமாக நீந்தி வந்தன என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் வயிற்றுக் கவலை பாதிதான் மச்சான். மீதி வேறு.

நான் இந்த மாதிரி அளந்துவிடும்போதெல்லாம் நீ சிரிப்பாய். லூர்து சிரிக்கமாட்டாள், "சும்மா இருங்கண்ணே" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் பாதிப் பொய்களைத் தயாரித்ததே. நீ போன பிறகு அவள் அதைச் சொல்வதில்லை. நான் என்ன சொன்னாலும் "சரிண்ணே" என்கிறாள். டாக்சியில் ஒரு சுல்தானும் அவருடைய யானையும் ஏறினார்கள் என்றேன். "சரிண்ணே." யானைக்குத் தனிக் கட்டணம் கேட்டேன் என்றேன். "சரிண்ணே." பொய் சொல்கிறவனுக்கு இதைவிடக் கொடிய தண்டனை உண்டா?

அது மட்டுமில்லை. நீ போனதிலிருந்து அவள் நம் காட்டுக்குள் ஒரு தடவையும் கால் வைக்கவில்லை.

எட்டிப் பார்க்கிறவர்களுக்காக நம் காட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள். உலகத்தின் மாபெரும் காடுகள் மூன்று. மற்ற இரண்டும் எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. மூன்றாவது, பத்து காஜாவுக்குப் பக்கத்தில், எங்கள் வீடுகளுக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு முனையில் சுருட்டைப் பற்றவைத்து நேராக நடந்தால், சுருட்டு பாதி எரிவதற்குள் மறுமுனை வந்துவிடும். ஆனால் எங்கள் ஆட்கள் யாரும் நேராக நடப்பதில்லை. அதுதான் விஷயம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஓட்டைப் பாலம் என்ற எங்கள் ரப்பர் தோட்டத்தைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். லயத்து வீடுகளைக் காலி செய்துவிட்டு நாங்கள் சாலையோரப் பலகை வீடுகளுக்கு வந்தோம். அப்போது ஆற்றோரம் ஒரு துண்டு நிலம் மிஞ்சியது. பழைய லம்பம் கக்கிவிட்டுப் போன மணல் பாதி, சேறு பாதி. எந்த முதலாளியும் சீந்தவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்றிருந்த யாழ்ப்பாணத்து ஐயா, அந்த வெயிலில் கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போனார். வியர்வை சொட்டச் சொட்ட இங்கிலீஷ் பேசினார். மரம் வைத்துக்கொள்ளலாம், வீடு கட்டக்கூடாது என்ற அனுமதியோடு திரும்பினார்.

வீட்டுக்கு ஒரு நிரை என்று பிரித்துக்கொண்டோம். அவரவர் நிரையில் அவரவருக்குப் பிடித்த மரம். கித்தா என்கிற ரப்பர் மரம் மட்டும் கூடாது. அந்த ஒரு தீர்மானத்துக்கு மட்டும்தான் எங்கள் சரித்திரத்தில் எல்லாரும் கை தூக்கினார்கள்.

ஆனால் காலமெல்லாம் கித்தாக்காட்டில் பால்மரம் வெட்டினவர்களிடம் காடு வையுங்கள் என்றால் எப்படி வைப்பார்கள்? கயிறு பிடித்து, கோடு போட்டு, இடைவெளி அளந்து வைத்தார்கள். வேம்பும் பலாவும் தேக்கும் ரம்புத்தானும் காலைப் பிரட்டுக்கு வந்து பெயர் கொடுக்க நிற்கும் ஆட்களைப் போல வரிசையாக நின்றன. ஆற்றைத் தாண்டி வந்த காட்டுப்பன்றி ஒன்று, இதைப் பார்த்து, தானும் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டது. கண்ணால் பார்த்தேன்.

நடப்பதும் அப்படியே. ஒரு நிரையில் மேலே போய், அடுத்த நிரையில் கீழே வரவேண்டும். ஒரு மரத்தையும் விடக்கூடாது. ஒவ்வொரு மரத்தையும் கையால் தொட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, பட்டையைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை, எடுப்பதற்குப் பாலும் இல்லை. இருந்தாலும் தொடாமல் ஒரு மரத்தைக் கடந்தால் உங்களுக்கெல்லாம் அன்றைக்குச் சோறு இறங்காது. ஆள் போய்விட்ட வீட்டு நிரையில், அந்த வீட்டார் சொல்லாமல் கால் வைக்கவும் மாட்டீர்கள். நான் லாரிக்காரன். எனக்கு மரம் என்றால் சாலையோரம் நிற்பது. அதற்கு ஒரு பக்கம்தான் உண்டு. உங்களுக்குத்தான் மரம் உருண்டை.

இனி உன் மரத்துக்கு வருகிறேன்.

உன் நிரை ஆற்றங்கரைக்குப் பக்கத்தில், கடைசி நிரை. அதன் நடுவில் நீ வைத்த அந்த ஒரு மரத்தால் உனக்கு வந்த அவமானத்துக்கு நானும் சாட்சி. லூமுட்டுக்குச் சாமான் ஏற்றிப்போன நாளில் நீயும் என்னோடு வந்தாய். படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு மலாய்க்காரப் பெரியவர் உனக்கு அந்தக் கன்றைக் கொடுத்தார். டுக்குப் பழக்கன்று என்றார். அதை மடியில் வைத்து, குழந்தை மாதிரி துண்டால் மூடி எடுத்து வந்தாய். "லூர்து, இதுல மொதப் பழம் ஒனக்குத்தான்" என்று வீட்டு வாசலிலேயே அறிவிப்பு கொடுத்தாய்.

பத்துப் பன்னிரண்டு வருஷம். மரம் வளர்ந்தது, கிளை விட்டது, நிழல் கொடுத்தது. பழம் மட்டும் இல்லை. "இருதயம், அது பழம் விடாத பாசாக்காட்டு மரம்லா. ஒன்ன நல்லா ஏமாத்திட்டாரு அந்தப் பெரியவரு" என்று ஊரே சிரித்தது. "டுக்குன்னா டுக்குதான்" என்பாய் நீ. பருவம் வந்தால் லூர்து மட்டும் உன்னோடு போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வருவாள்.

இப்போது புரிகிறதா மச்சான், என் மூளையில் என்ன முளைத்திருக்கும் என்று?

டுக்குப் பருவம் வந்தது. உன் மரம் காய்த்துவிட்டது என்று லூர்து கண்டால் போதும், பெட்டியை அவிழ்த்துவிடுவாள் என்று தோன்றியது. அது காய்க்கப்போவதில்லை என்பது ஊரறிந்த உண்மை. ஆகவே சனிக்கிழமை பத்து காஜா பாசாருக்குப் போனேன். டுக்கு இல்லை. அதன் தம்பி லங்சாட்தான் குவிந்து கிடந்தது. கொஞ்சம் சின்னது, தோல் மெல்லிசு, கீறினால் பால் ஒட்டும், மற்றபடி ஒரே முகம். போதும் என்று வாங்கிக்கொண்டேன். சாக்கு தைக்கிற நூலும் ஓர் உருண்டை வாங்கினேன். மரப்பட்டையின் நிறம். நான் யாரென்று நினைத்தாய்?

ஞாயிறு விடியற்காலை ஆற்றுக் கரை வழியாகப் போய், உன் மரத்தில் கட்ட ஆரம்பித்தேன். கரையிலிருந்து பார்த்தால் தெரியும்படி, முன் பக்கம் பழம், பின் பக்கம் முடிச்சு. பாதி கட்டியிருப்பேன்.

"சவரிமுத்து, மரத்துக்கு என்ன வருத்தம்?"

டிரஸ்ஸர் ஐயா. அரைக்கால் சட்டை, கைத்தடி, காலை நடை. மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தார். எனக்குப் பொய் ஒன்றும் வரவில்லை. என் வாழ்க்கையில் அப்படி ஆனது அதுதான் முதல் தடவை. உள்ளதைச் சொன்னேன்.

அவர் எல்லாவற்றையும் கேட்டார். கோபப்படவில்லை. மரத்தின் பின்னால் போய், என் முடிச்சுகளை விரலால் தடவிப் பார்த்து, நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"இது என்ன கட்டு. மாட்டைக் கட்டுற மாதிரி. ஒரு காத்து அடிச்சால் எல்லாம் நிலத்திலை. தள்ளு."

மச்சான், அந்த மனிதர் என் முடிச்சு ஒவ்வொன்றையும் அவிழ்த்து, ஆஸ்பத்திரிக் கட்டாகக் கட்டினார். நூலை ஒரு மடி மடித்து, உள்ளே கொடுத்து வாங்கி, நுனி இரண்டையும் ஒரே அளவில் விட்டு, படிந்து உட்காரும் அந்தக் கட்டு. "எனக்கு ஒண்டும் தெரியாது, நான் இங்கை வரவுமில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பூசை முடிந்து வந்ததும் லூர்திடம் போனேன்.

"காட்டுப் பக்கம் ஒரு நட போயிட்டு வரலாம்லா."

"எதுக்குண்ணே?"

"லூமுட்டுக்குப் போகப் போற. மரங்ககிட்ட ஒரு வார்த்த சொல்ல வேணாமா? நாளைக்கு அதுங்க என்னையில்ல புடிச்சிக் கேக்கும்."

அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்தாள். "சரிண்ணே" என்றாள்.

காட்டு வாசலில் டிரஸ்ஸர் ஐயா நின்றுகொண்டிருந்தார், தற்செயலாக. இந்தத் தடவை கண்ணாடியோடு. "நானும் வாறன், என்ரை பனையைப் பாத்துக் கனநாளாச்சு" என்றார். காலையில்தான் பார்த்திருந்தார்.

"இப்படி நேரா ஆத்தோரமாப் போயிருவோம், வெயிலு வந்துரும்" என்று நான் கரைப் பாதையில் காலை வைத்தேன். லூர்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கோயிலுக்குள் எச்சில் துப்பினவனைப் பார்க்கிற பார்வை.

"அப்ப நெரை?" என்றாள். சொல்லிவிட்டு முதல் நிரையில் திரும்பி, முதல் வேம்பைத் தொட்டாள்.

எட்டு மாதமாக வராதவள். கால் மறக்கவில்லை மச்சான். தொட்டாள், சுற்றினாள், பட்டையைப் பார்த்தாள், நகர்ந்தாள். நான் பின்னாலேயே நடந்து, மரத்துக்கு ஒரு பொய் வீதம் விட்டுக்கொண்டே போனேன். இந்த வேம்பின் கசப்பு தாங்காமல் இதன் நிழலில் படுத்த நாய் கருப்பட்டி கேட்டது என்றேன். இந்தப் பலாவிலிருந்து ஒரு பழம் விழுந்த அன்றைக்கு ஈப்போ மணிக்கூண்டில் கடிகாரம் நின்றுபோனது என்றேன். "சரிண்ணே, சரிண்ணே" என்று நடந்தாள். சீனப் பெரியவர் ஒருவர் கொடுத்த பம்பளிமாஸ் மரத்தடியில் மட்டும் கொஞ்சம் நின்று, கீழே கிடந்த பூவை எடுத்து முகர்ந்தாள். முருங்கைக் கீரையை ஆடு எட்டிக் கடித்திருந்தது. அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

ஐயாவின் பனைக்கு வந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து யாரோ கொண்டுவந்த கொட்டை. இத்தனை வருஷத்தில் என் இடுப்புயரத்துக்குத்தான் வந்திருக்கிறது.

"ஐயா, இது எப்பய்யா காய்க்கும்?" என்று லூர்து கேட்டாள். அன்றைக்கு அவளாகக் கேட்ட முதல் கேள்வி.

"அது அவசரப்படாது, பிள்ளை. நானும் அவசரப்படேல்லை. எங்கள் ரெண்டு பேரிலை ஆர் முந்துறது எண்டு பாப்பம்."

அடுத்த நிரையின் ஓரத்தில் அந்த அழையா விருந்தாளி நின்றது. உனக்கு நினைவிருக்கிறதா? வெயிலில் எங்கோ கித்தாக் காய் வெடித்து, கொட்டை தெறித்து வந்து, தானாக முளைத்தது. பிடுங்கி எறியவேண்டும் என்று ஊரே கூடியபோது நீதான் குறுக்கே நின்றாய். "யாரும் கூப்புடாம வந்துருக்கு. இதுக்காவது வேல வைக்காம விடுவோம்" என்றாய். இப்போது அது பெரிய மரம். லூர்து அதைத் தொட்டாள். விரல்கள் தாமாகவே வெட்டுக்கோடு இருக்கவேண்டிய இடத்துக்குப் போயின. அங்கே கோடு இல்லை. கையை எடுக்கவில்லை அவள்.

"என்னா வழுவழுப்புண்ணே" என்றாள். "எத்தன மரம் வெட்டியிருப்பேன். ஒண்ணக்கூட இப்படித் தொட்டதில்ல."

அந்த மரத்துக்கு உரிய பொய்யை மட்டும் நான் சொல்லாமல் விட்டேன்.

கடைசியில் உன் நிரை. லாலான் புல் இடுப்பளவு. நீ போன பிறகு யாரும் அதில் கால் வைக்கவில்லை. லூர்து சொல்லாமல் எப்படி வைப்பார்கள்? அவளோ இந்தப் பக்கம் வரவே இல்லை. நிரையின் வாசலில் நின்று அந்தப் புல்லைப் பார்த்தாள். முகம் சிவந்தது.

"இத யாரு பாக்குறா?"

"எல்லாரும் பாக்குறோம்லா."

"பாக்குறீங்க. எங்கருந்து? கரையிலருந்தா?"

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு புல்லுக்குள் இறங்கிவிட்டாள். நான் பதறிப்போய்க் கரை வழியாக முன்னால் ஓடினேன். என் அலங்காரத்தின் முன் பக்கத்தில் நின்று வரவேற்கவேண்டும் அல்லவா? உன் மரம் ஜோடனை செய்த மாப்பிள்ளை மாதிரி லங்சாட் கொத்துகளோடு நின்றது. மூச்சைப் பிடித்து, கையை அகல விரித்து, தயார் செய்துவைத்திருந்த வசனத்தை எடுத்துவிட்டேன்.

"மாதாவே, இது என்ன அதிசயம். லூர்து, ஓடி வா. மச்சான் சொன்ன சொல்லு பலிச்சிருச்சி. பாரு, காச்சிக் குலுங்குது."

எதிரே யாரும் இல்லை. ஆறுதான் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் என் புத்திக்கு எட்டியது. அவள் நிரை வழியாக வருகிறாள். நான் சாலையோரத்து மரத்தைப் போல ஒரு பக்கத்தை மட்டும் ஜோடித்திருக்கிறேன். அவள் உருண்டை மரத்தின் மறுபக்கத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறாள். முடிச்சுகள் இருக்கிற பக்கத்துக்கு.

மரத்தின் பின்னாலிருந்து மெதுவாக, "ஐயா, கொஞ்சம் இங்க வாங்க" என்றாள்.

டிரஸ்ஸர் ஐயா புல்லை விலக்கிக்கொண்டு போனார்.

"யாருக்கய்யா அடிபட்டுச்சு?"

"ஏன் பிள்ளை கேக்கிறாய்?"

"கட்டு போட்டிருக்கீங்களே."

உளி வழுக்கி வெட்டிக்கொண்ட விரல்களில் எல்லாம் உட்கார்ந்த கட்டு அது. ஓட்டைப் பாலத் தோட்டத்தில் அந்த முடிச்சு தெரியாத கை உண்டா? லூர்தின் இடது ஆள்காட்டி விரலில் அது எத்தனை நாள் இருந்தது என்று உனக்கு நினைவிருக்கும், அப்போது அவள் நிரையையும் சேர்த்து வெட்டினவன் நீதானே. ஐயா தொண்டையைச் செருமினார். "சவரிமுத்துதான் கேட்டவன்" என்று ஒரே நொடியில் என்னைக் காட்டிக்கொடுத்தார்.

நான் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். லூர்து நெற்றியை மரத்தில் சாய்த்துக்கொண்டு நின்றாள். தோள்கள் குலுங்கின. செத்தேன் என்று நினைத்தேன். செய்யக்கூடாததைச் செய்துவிட்டோம், இவளை அழவைத்துவிட்டோம் என்று நினைத்தேன். முகத்தைத் திருப்பினாள். சிரிக்கிறாள் மச்சான். சத்தம் வராமல், மூச்சு முட்ட, கண்ணில் நீர் வரச் சிரிக்கிறாள்.

நான் வாயைத் திறக்கவே இல்லை. அதற்குள் சொன்னாள்.

"சும்மா இருங்கண்ணே."

அந்த ஒரு வார்த்தைக்கு நான் மலேசியாவில் விளைகிற லங்சாட் மொத்தத்தையும் வாங்கிக் கட்டியிருப்பேன்.

சிரித்து ஓய்ந்து, முந்தானையை ஏந்திக்கொண்டு, பழங்களை அவிழ்க்க ஆரம்பித்தாள். முடிச்சைத் தடவுவாள், நுனியை இழுப்பாள், கொத்து கையில் வரும். லங்சாட்டின் பால் விரலில் ஒட்டியது. "பாரு, டுக்குன்னு சொல்லிட்டு லங்சாட்டு. இதுல கஞ்சத்தனம் வேற" என்று சேலையில் துடைத்துக்கொண்டாள். முன் பக்கத்துக் கொத்தெல்லாம் முடிந்தது. கிளை பிரிகிற கவட்டையில், இலைக்குள், இன்னும் ஒன்று இருந்தது. கையை விட்டு முடிச்சைத் தேடினாள். தேடிக்கொண்டே இருந்தாள்.

"அண்ணே, இத எங்க கட்டுனீங்க?"

"கட்டியிருப்பேன், பாரு."

"நூலு இல்லையே."

ஐயா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு கிட்டப் போனார். "நான் அதிலை கை வைக்கேல்லை, பிள்ளை."

பட்டையிலிருந்தே புறப்பட்ட சின்னக் காம்பு. அதில் ஒற்றைப் பழம். மற்றவற்றைவிடப் பெரிது, நல்ல உருண்டை. லூர்து அதைத் திருகினாள். மரம் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொண்டுதான் விட்டது. நகத்தால் கீறினாள். தடித்த தோல். விரலில் பால் ஒட்டவில்லை.

நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஆற்றில் யாரோ படகைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நீ எங்கேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாய்?

அவள் பழத்தை உரித்தாள். எனக்கு ஒரு சுளை, ஐயாவுக்கு ஒரு சுளை. மீதியை அவள் தின்றாள். மெல்லும்போது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில், "டுக்குன்னா டுக்குதான்" என்றாள். உன் குரலில் அப்படியே சொன்னாள்.

பிறகு ஒன்றும் நடக்காதது மாதிரி குனிந்து லாலானைப் பிடுங்க ஆரம்பித்தாள். "லூர்து, பெட்டி?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"வெள்ளிக்கெழம போறேன்லா. மக புள்ள பெக்கப் போறா, போவாம இருக்க முடியுமா?" என்றாள், நிமிராமல். "அவ பெத்து எந்திரிச்சதும் வந்துருவேன். அவரு நெரைய இப்படிப் போட்டுட்டு நான் கடலப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கவா? அதுவரைக்கும் நீங்க பாருங்க. கரையில நின்னு பாக்காதீங்க. சுத்தி வாங்க."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பெட்டியைத் திறந்தாள். கைலித் துணியை அவிழ்த்து, உளியை எடுத்து, பழைய ஆணியில் மாட்டினாள். வெள்ளிக்கிழமை என் டாக்சியில்தான் லூமுட்டுக்குப் போனாள். கையில் ஒரே ஒரு பை. கோழிகள் என் வசம். அவை என்னை மதிப்பதில்லை.

உனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள் மச்சான். மூக்கு உன்னுடையது, பாவம். அழுகிற சத்தத்தில் கடற்படைக் கப்பல்கள் இரண்டு எதிரி வந்துவிட்டான் என்று நங்கூரம் எடுத்துவிட்டன என்று லூர்துக்கு எழுதிப் போட்டேன். அவள் பதிலில் முதல் வரி என்ன என்று நான் சொல்லவேண்டியதில்லை. வருகிற மாதம் வந்துவிடுகிறேன் என்பது இரண்டாவது வரி.

அதுவரை தினமும் காலையில் உன் நிரையில் நான்தான். புல்லை அடித்துவிட்டேன். முதுகு இரண்டாக உடைந்து, அதை வாழைநாரால் கட்டிக்கொண்டு எழுதுகிறேன். மரத்தைச் சுற்றிவர இன்னும் சரியாக வரவில்லை, சில சமயம் எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன் என்று மறந்து இரண்டு தடவை சுற்றிவிடுகிறேன். ஆனால் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன்: அவள் வந்து வாங்கிக்கொள்ளும்வரை உன் நிரையில் ஒரு மரத்தையும் தொடாமல் தாண்டமாட்டேன். அவள் வந்த பிறகும், அவளுக்குப் பின்னால் நடந்து, மரத்துக்கு ஒரு பொய் என்ற கணக்கில் குறைக்காமல் கொடுத்துவருவேன்.

வழி கேட்ட புலியைத் தள்ளிவிடு. வரிசையில் நின்ற பன்றியைத் தள்ளிவிடு. நின்றுபோன மணிக்கூண்டு, நீந்திவந்த நெத்திலி, டாக்சியில் ஏறிய யானை, எல்லாவற்றையும் தள்ளிவிடு. யாரும் நம்பாத இந்தக் கதையில் ஒரு சின்னப் பங்கு மட்டும் உண்மை. கவட்டையில் இருந்த அந்த ஒரு பழத்துக்கு நூல் இல்லை.

இப்படிக்கு,
உன் லூர்துக்கு அண்ணன், உன் பேத்திக்குப் பொய் சொல்லக் காத்திருக்கும் தாத்தன், என்றும் உன் மச்சான்
சவரிமுத்து